ஒன்றரைப் பக்கமும் இரண்டு வசனமும்

தம்பி,

சுகம், சுகமறிய ஆவல் என்று தொடங்கித்தான் உனக்கு இதுவரை எழுதியிருக்கிறேன். இந்த முறை அதை எழுத விரல் வளையவில்லை. சட்டம் படித்து முடித்து, வருகிற திங்கட்கிழமை நீ லைப்சிக்கில் நீதிமன்றப் பயிற்சிக்குச் சேர்கிறாய். "அம்மா, நீங்கள் கட்டாயம் வரவேணும். நான் சத்தியம் எடுக்கேக்கை நீங்கள் நிக்கவேணும்" என்று போனில் சொன்னாய். நானும் "ஓம், வாறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மூன்று மாதமாக ஒரு கோபத்தை மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். சலவைக் கூடத்தில் வேலை செய்கிறவளுக்கு மடிப்பதா புதிது? ஆனால் அதை உள்ளே வைத்துக்கொண்டு, நல்ல சீலை உடுத்து, உன் பக்கத்தில் சிரித்தபடி நிற்க என்னால் ஏலாது. அதனால் சொல்லிவிட்டு வருகிறேன். நீ எனக்குத் துரோகம் செய்தாய். அது எனக்கு எப்படித் தெரியவந்தது என்பதையும், அதில் என் பங்கு எவ்வளவு என்பதையும் எழுதப் போகிறேன்.

என் பெயர் அந்த நீதிபதிப் பட்டியலுக்கு எப்படிப் போனது என்று நீ ஒருநாளும் முழுதாகக் கேட்கவில்லை. இங்கே முதியோர் இல்லத்தில், இரண்டாம் மாடியில் இருக்கும் இரண்டு வயதான பெண்கள் ஒரு நீலக் கம்பளிச் சட்டைக்காகச் சண்டை பிடித்துக்கொண்டு சலவைக் கூடத்துக்கே வந்துவிட்டார்கள். ஒருத்தி மற்றவளைக் கள்ளி என்றாள். மற்றவள் இவளுக்கு மூளை கழன்றுவிட்டது என்றாள். கூட வந்த தாதிப்பெண் யாருக்காவது கொடுத்து அனுப்பு என்று எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் இரண்டு பேருக்கும் கதிரை போட்டு இருத்தி, ஒருத்தி சொல்லி முடிக்கும்வரை மற்றவளைப் பேசவிடவில்லை. பிறகு சட்டையை உட்புறம் திருப்பி, தையலுக்குள் சுருண்டு கிடந்த பெயர்த் துணியை விரித்துப் பார்த்தேன். அதில் இரண்டு பேருடைய பெயரும் இல்லை. போன குளிர்காலத்தில் செத்துப்போன மூன்றாவது பெண்ணின் பெயர் இருந்தது. அவள் இரண்டு பேருக்கும் சிநேகிதி. இரண்டு பேரும் அழத் தொடங்கிவிட்டார்கள். "ஒரு கிழமை உங்களுக்கு, ஒரு கிழமை உங்களுக்கு, இடையில் தோய்ப்பது நான்" என்று எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் சொல்லி அனுப்பினேன். கதவடியில் நின்று இதையெல்லாம் பார்த்தது ஊர்சுலா. எங்கள் மாடிகளுக்குப் பொறுப்பான மூத்த தாதி. உனக்குத் தெரியும், நத்தார்ப் பண்டிகைக்கு எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி சாப்பிட்டு மூக்கால் தண்ணீர் வடிய இருந்தவள்.

அவள்தான் அடுத்த நாள் பத்திரிகைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். நகரசபை ஷோஃபின் ஆக இருக்க ஆட்களைத் தேடுகிறது என்று அதில் இருந்தது. சட்டம் படிக்காத, ஊர்ச் சனத்திலிருந்து எடுக்கிற நீதிபதிக்கு அந்தப் பெயர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். படித்த நீதிபதிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், தீர்ப்பில் அவருக்கு எவ்வளவு வாக்கோ இவர்களுக்கும் அவ்வளவு வாக்கு. கட்சியில் இருக்கத் தேவையில்லை, எந்தக் கட்சி என்றும் கேட்க மாட்டார்கள். முதலில் தேவையானதைவிட இரண்டு மடங்கு பெயரைப் போட்டு நகரசபை ஒரு பட்டியல் எழுதும். அதை ஒரு கிழமை எல்லோரும் பார்க்கும்படி நகரசபைக் கட்டடமான ராட்ஹவுசில் வைப்பார்கள். இந்த ஆள் வேண்டாம் என்று நினைப்பவர் எழுதிக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு நீதிமன்றத்தில் ஒரு குழு கூடி, பட்டியலில் பாதிப் பேரைத் தெரிவு செய்து, மிச்சப் பாதியை விட்டுவிடும். "குடியுரிமை இருக்கிறது, வயது சரி. நீ இருக்க வேண்டிய இடம் இதுதான்" என்றாள் ஊர்சுலா. நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதும் சிரிப்பாகத்தான் இருந்தது. மறுநாள் போய் அன்ட்ராக் என்கிற விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தோம். இந்த நாட்டில் எனக்காக நீ நிரப்பாத முதல் அன்ட்ராக் அதுதான், தம்பி.

ஹனோவர் கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசைக்கு நான் போவதற்கு முன்பே, பட்டியலில் பெயர் வந்த கதை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. மன்னாரில் எங்கள் பக்கத்து ஊரிலிருந்து வந்த மரியநாயகம் அண்ணை, கோயில் வாசலில் எல்லோருக்கும் கேட்கும்படி, "அக்காவைப் பாத்து இனிக் கவனமாக் கதையுங்கோ, ஜேர்மனிக்கே நீதவானாம்" என்றார். வாகனத்தைப் பிழையான இடத்தில் நிறுத்தித் தண்டம் வாங்கிய ஒருவர் என்னிடம் நியாயம் கேட்க வந்தார். "அண்ணை, நான் இன்னும் பட்டியலிலைதான் நிக்கிறன், கதிரையிலை இல்லை" என்றேன். பகிடிதான், ஆனால் பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது பிடித்திருந்தது. இருபது வருடம் இந்த நாட்டில் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவள் நான். அகதி வழக்கென்றாலும் பள்ளிக்கூடமென்றாலும் ஆஸ்பத்திரியென்றாலும், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பேசுவார், நான் உன் வாயைப் பார்ப்பேன். ஒரு முறையாவது அந்தப் பக்கம் போய் இருந்து, இந்தப் பக்கம் நிற்கிறவருக்கு ஒரு கதிரை போட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் வாழ்க்கையில் எனக்கென்று ஆசைப்பட்ட சாமான்கள் குறைவு. உனக்குப் போன் எடுத்துச் சொன்னபோது மறுபக்கத்தில் கொஞ்சநேரம் சத்தமில்லை. பிறகு "சந்தோசம் அம்மா" என்றாய். லைன் சரியில்லையாக்கும் என்று நினைத்தேன்.

அடுத்து ராட்ஹவுசிலிருந்து கடிதம் வந்தது. அரசாங்கக் கடிதம் வந்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். உறையைத் திறப்பேன், முத்திரையைப் பார்ப்பேன், மடித்து பிஸ்கற் தகரப் பேணிக்குள் வைப்பேன், நீ வரும்வரை காத்திருப்பேன். நீ ஒன்பது வயதில் தொடங்கிய வழக்கம், இருபத்தைந்து வயதாகியும் மாறவில்லை. சனிக்கிழமை நீ வந்தாய். புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தேன். சாப்பிட்டு முடிவதற்குள் பேணியைக் கொண்டுவந்து கடிதத்தை நீட்டினேன். நீ வாசித்தாய். உன் காது சிவந்ததைக் கண்டேன், மிளகாய் கூடிப்போச்சு என்று நினைத்தேன்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"ஆரோ ஒரு ஆள் எதிர்ப்பு எழுதியிருக்கு, உங்களுக்குப் பாசை காணாதாம். பெரிய விசயமில்லை, பேசாமல் பேரை எடுத்துவிடுங்கோ அம்மா" என்றாய்.

"ஆரெண்டு போட்டிருக்கோ?"

"பேர் காட்டமாட்டினம். நான் பதில் எழுதிவிடுறன், தாங்கோ" என்று கடிதத்தை மடித்து உன் பைக்குள் வைக்கப் போனாய். நான்தான், சும்மா, காரணமில்லாமல், "இருக்கட்டும், பேணியிலை கிடக்கட்டும்" என்று வாங்கினேன். நீ மிச்சப் புட்டைச் சாப்பிடவில்லை. கத்தரிக்காய்க் கறியை மிச்சம் விட்டு எழும்பிய முதல் நாள் அது.

நீ போன பிறகு கடிதத்தை எடுத்து மேசையில் விரித்துப் பார்த்தேன். ஒன்றரைப் பக்கம். இடைவெளி இல்லாத நெருக்கமான எழுத்து. நீ எனக்குச் சொன்னது இரண்டு வசனம். எனக்கு ஜேர்மன் மொழி குறைவுதான், ஆனால் ஒன்றரைப் பக்கம் எந்தப் பாசையிலும் இரண்டு வசனமாகச் சுருங்காது என்று தெரியாத அளவுக்கு நான் மொக்கு இல்லை. உன் அறைக்குப் போய், பள்ளிக்கூடத்தில் நீ பாவித்த ஜேர்மன்-ஆங்கில அகராதியை எடுத்தேன். ஜேர்மன் சொல்லுக்கு ஆங்கிலம், அந்த ஆங்கிலத்துக்கு மன்னார்க் கொன்வென்றில் சிஸ்டர்மார் கற்றுத்தந்த தமிழ். இப்படி இரண்டு ஆறு தாண்டி ஒவ்வொரு சொல்லாகக் கொண்டுவந்தேன். முதல் தேடிய சொல் ஐன்ஸ்புருக். ஆட்சேபம். எழுதியவரின் பெயரை மட்டும் மறைத்து, அவர் எழுதியதை அப்படியே பிரதி எடுத்து அனுப்பியிருந்தார்கள். வேலையிடத்துக்கும் கொண்டுபோனேன். இயந்திரம் சுற்றும் நேரத்தில் வாசித்தேன். ஊர்சுலா "நான் வாசித்துச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

கடிதம் முழுக்க ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. கண்டிடாட்டின். வேட்பாளர். இந்த வேட்பாளர் நல்லொழுக்கமுள்ளவர், இந்த வேட்பாளருக்குப் பேச்சுமொழி கொஞ்சம் தெரியும், இந்த வேட்பாளரால் ஒரு வழக்கு ஆவணத்தைப் படித்து விளங்கிக்கொள்ள முடியாது. நாலாம் நாள் இரண்டாம் பக்கத்தில் ஒரு வசனத்தின் நடுவில் ஒன்பது என்ற சொல்லும் வயது என்ற சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவற்றுக்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை. அந்த வசனத்தை நான் எழுத்துக் கூட்டித் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்: "எனது ஒன்பதாவது வயதிலிருந்து இந்த வேட்பாளருக்காக நான் மொழிபெயர்த்து வருகிறேன்." பெயர்த் துணி தையலுக்குள் கிடந்தது. விரித்தேன், அதில் என் பிள்ளையின் பெயர் இருந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நாள் நான் தோய்த்த துணிகளில் வெள்ளையும் நிறமும் கலந்து, ஒரு மாடி முழுக்க ரோஸ் நிறத்தில் உள்ளுடுப்புப் போட்டார்கள். பெற்ற மனம் பித்து என்பார்கள், என் மனம் அன்று பித்தும் இல்லை, வெறும் எரிவுதான். எதிரி எழுதியிருந்தால் பரவாயில்லை. மரியநாயகம் அண்ணை பொறாமையில் எழுதியிருந்தால் பூசை முடிய நாலு கேள்வி கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்திருப்பேன். நீ என் மேசையில் இருந்து, என் கையால் சாப்பிட்டுக்கொண்டு, உன் கடிதத்தையே என்னிடம் வாங்கி, யாரோ எழுதியதுபோல எனக்கு வாசித்துக் காட்டினாய். ஆட்சேபம் எழுதியதற்குக்கூட மன்னிப்பு உண்டு. அந்த "ஆரோ ஒரு ஆள்" என்பதற்கு என்ன செய்வது? நான் உனக்கு வேட்பாளர், நீ எனக்கு ஆரோ ஒரு ஆள். வேலியே பயிரை மேய்ந்தால் காவலுக்கு யாரைக் கூப்பிடுவது?

ஆனாலும் கதிரை போட்டு இரண்டு பக்கமும் கேட்பவள் என்று பெயர் வாங்கினேன் அல்லவா, அதனால் மிச்சத்தையும் வாசித்தேன். ஆறாம் நாள் வந்த வசனம்: "குற்றம் சாட்டப்பட்டவருக்கு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் இருப்பார், நீதிபதிக்கு இருக்க மாட்டார்." அது சரி, தம்பி. ஏழாம் நாள் வந்தது: "இந்த வேட்பாளரைவிட நீதியான ஒரு மனிதரை நான் அறியேன்." அகராதியை மூடிவிட்டேன். என்னைக் குறை சொன்ன வசனங்களை மறைத்தாய், சரி, பயம். இதை ஏன் விட்டாய்? இதைச் சொல்லியிருந்தால் உன் வாயிலிருந்து நான் வாழ்நாளில் கேட்ட ஒரே புகழ்ச்சியாக இருந்திருக்குமே. எட்டாம் நாள் கடைசி வசனம் வந்தது. "அவர் கேட்டுக்கொண்டபோது சிலவற்றை விட்டு மொழிபெயர்த்திருக்கிறேன், அவர் கேட்காதபோதும் விட்டிருக்கிறேன்." ஒன்பதாம் நாள் புதிதாக ஒன்றும் வாசிக்கவில்லை. அந்த ஒரு வசனத்தையே திரும்ப வாசித்தேன்.

கேட்டுக்கொண்டபோது என்று நீ எழுதியது எதை என்று எனக்குத் தெரியும். பதினாலு வருடமாக நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. கோயிலில் சுவாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் அதைச் சொன்னதில்லை. உனக்குப் பதினொரு வயது. ஆஸ்பத்திரியில் அந்த வெள்ளை அறையில் டொக்டர் ஒரு பக்கம், அப்பாவும் நானும் மறுபக்கம், நடுவில் கால் நிலத்தில் முட்டாத கதிரையில் நீ. டொக்டர் பேசிக்கொண்டே போனார். நீ என் பக்கம் திரும்பி, குரலை இறக்கி, "மருந்து இல்லையாம் அம்மா. கொஞ்ச மாதம்தானாம்" என்றாய். அப்பாவுக்கு அந்த நேரம் ஒரு காது நன்றாகக் கேட்காது, "என்னவாம்? என்னவாம் ராசா?" என்று கேட்டார். நான் உன் கையைப் பிடித்து அழுத்தி, "மருந்தை மாத்தினால் சரிவருமாம் எண்டு சொல்லு" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். பிறகு அப்பாவைப் பார்த்து, சத்தமாக, பிழையில்லாமல், அப்படியே சொன்னாய். அப்பா டொக்டரின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். டொக்டருக்கு ஏனென்று விளங்கவில்லை, உன்னைப் பார்த்தார். நீ அவருக்கும் ஏதோ சொன்னாய்.

அப்பா தன் தம்பியோடு பேசாமல் இருந்தவர் என்பது உனக்குத் தெரியும். சித்தப்பா எங்கள் வேதக்காரப் பெட்டையைக் கட்டாமல் தன் விருப்பத்துக்குக் கட்டினார் என்ற பிடிவாதம். "சுகமானவுடனை தம்பிக்கு எடுத்துக் கதைக்கவேணும்" என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சொல்லிக்கொண்டே இருந்தார். சுகமானவுடனை. ஐந்து மாதம் அப்படியே சொன்னார். செத்த பிறகு அவருடைய சேட்டைத் தோய்க்கப் பைகளைப் பார்த்தேன். மடித்த காகிதத்தில் சித்தப்பாவின் ரொறன்ரோ நம்பர் இருந்தது. யாரிடமோ கேட்டு வாங்கி வைத்திருந்திருக்கிறார். அந்த நம்பருக்கு எடுத்துச் சாவுச் செய்தி சொன்னது நான். அந்த ஐந்து மாதத்தை அவரிடமிருந்து எடுத்தது நான்தான், நீ இல்லை. உன் வாயைப் பாவித்தேன், அவ்வளவுதான். பிள்ளையின் வாயில் பொய்யை வைத்துவிட்டு, அது வளர்ந்து எனக்கே பொய் வாசித்தபோது நெஞ்சில் அடித்துக்கொண்டேன். தன் வினை தன்னைச் சுடும் என்பது எனக்குத் தெரியாத பழமொழியா என்ன.

இதை எழுதியதால் உன் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்காதே. நீ பதினொரு வயதில் செய்தது நான் சொல்லிச் செய்தது. இருபத்தைந்து வயதில் செய்தது நீயாகச் செய்தது. "அம்மா, உங்களுக்கு அங்கை ஏலாது, நான் சொல்லுறன் எண்டு கோவியாதையுங்கோ" என்று ஒரு வார்த்தை இந்த மேசையில் சொல்லியிருந்தால், கத்தியிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், மூன்றாம் நாள் விளங்கியிருக்கும். நீ என்னிடம் வராமல் ராட்ஹவுசுக்குப் போனாய். என்னோடு சண்டை பிடிக்கக்கூட நான் உனக்குப் போதாமல் போய்விட்டேனா?

பத்தாம் நாள் நானும் ராட்ஹவுசுக்குப் போனேன். இந்த நாட்டில் நீ இல்லாமல் நான் போன முதல் டேர்மின், முதல் அலுவலகச் சந்திப்பு. அந்த அலுவலகப் பெண், சின்ன வயது, மூக்குக்கண்ணாடி. கதிரை காட்டினாள். நான் கடிதத்தை மேசையில் வைத்து, வழி முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்த ஜேர்மன் மொழியில், "இதை வாசித்தேன். ஒன்பது நாள் எடுத்தது. எழுதியவர் சொன்னதில் பாதி சரி" என்றேன். அவள் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "உங்கள் பெயரை எடுத்துவிடவா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "மெதுவாக வாசிப்பேன். ஆனால் விளங்கும்வரை விடமாட்டேன். அது போதுமா போதாதா என்று குழு சொல்லட்டும்." அவள் எழுதிக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "எழுதியவர் யாரென்று நான் சொல்ல அனுமதியில்லை" என்றாள். "நான் கேட்கவில்லையே" என்றேன். அவளுக்கு உன் பெயர் தெரியும், என் பெயரும் தெரியும், இரண்டும் ஒன்றாக முடிவதும் தெரியும். அவள் கதவுவரை வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எனக்கு அந்த இரக்கம் வேண்டியிருக்கவில்லை.

போன கிழமை குழுவின் முடிவு வந்தது. சின்னக் கடிதம், அகராதியில்லாமல் வாசித்தேன். என்னைத் தெரிவு செய்யவில்லை. காரணம் எழுதவில்லை, யாருக்கும் எழுதுவதில்லையாம். பட்டியலில் பாதிப் பேருக்கு இப்படித்தான் வந்திருக்கும், அவர்களுக்கெல்லாம் யாரும் ஆட்சேபம் எழுதவில்லை. உன் கடிதத்தால்தான் நான் விடுபட்டேனா, சும்மா விடுபட்டேனா, எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியப்போவதில்லை. அதை உன்னிடம் விட்டுவிடுகிறேன், நீ வைத்துக்கொள்.

திங்கட்கிழமை வருவேன். விடிய வெளிக்கிடும் ரயில், மத்தியானத்துக்கு முன்பே லைப்சிக்கில் நிற்பேன், பச்சைச் சீலைதான். உனக்குப் புத்தி சொல்லும் உரிமை எனக்கு இப்போது எவ்வளவு மிச்சம் என்று தெரியாது, ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு நாள் நீ மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பாய். இந்தப் பக்கம் யாரோ ஒரு தாயோ தகப்பனோ நிற்பார்கள், பக்கத்தில் அவர்களுக்காகப் பேச ஒரு பிள்ளை நிற்கும். அந்தப் பிள்ளையை முதலில் வெளியே அனுப்பிவிடு. விளையாட ஏதாவது கொடுத்து அனுப்பு. பெரிய ஆள் ஒருவரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்லு. எத்தனை நாள் வழக்குத் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. உன்னை அப்படி வெளியே அனுப்ப அந்த வெள்ளை அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நிறுத்தினாய், இந்தக் கடிதம் உனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். மரியநாயகம் அண்ணையின் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. எனக்குப் போன் எடுத்து "என்ன எழுதியிருக்கிறியள்" என்று கேட்காதே, இரண்டு வசனத்தில் சொல்லிவிடுவேன். நீயே எழுத்துக் கூட்டி வாசி. திங்களுக்குள் முடியாவிட்டால் பிறகு வாசி, ஒன்பது நாள் எடுக்கட்டும். முடித்த பிறகு இந்த மேசைக்கு வா. நான் கேட்காதபோதும் விட்டேன் என்று எழுதினாயே, அவற்றை ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லு. யார் யார் என்னை என்ன சொன்னார்கள், நீ எதை எதை விழுங்கினாய், ஒன்றும் மிச்சம் வேண்டாம். கத்தரிக்காய்க் கறி வைத்துவிட்டு இருப்பேன்.

உன் கடிதத்தை ராட்ஹவுசில் உன் பெயரை மறைத்துத்தான் எனக்குத் தந்தார்கள். நானும் இதில் பெயர் போடவில்லை. கடைசிவரை வாசித்தால் யார் எழுதியது என்று உனக்குத் தெரியவரும்.